மாவுக்கட்டுக்காரரின் சண்டை விதிகள்

பத்துக் குத்து வாங்கியவன் பதினோராவது குத்துக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? மாவுக்கட்டுக்காரருக்கு வந்தது. கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிற கோபம் இல்லை. கடைக்குப் போய் இருநூறு பக்க நோட்டு வாங்கிவந்து, கோடு போட்டு, எழுத உட்காரவைக்கிற கோபம். அந்த வகைக் கோபம்தான் ஆபத்தானது என்று கூட இருந்து அனுபவித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. பதினோரு வருஷமாகப் போடுகிறார். மாடிப்படியில் உருண்டவர், ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர், மச்சானோடு மல்லுக்கு நின்றவர் என்று ஒரு நாளைக்கு இருபது பேராவது அவர் முன்னால் கையையோ காலையோ நீட்டுவார்கள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து எழுதிக் கொடுப்பார். இழுத்துப் பிடித்து நேராக்கி, பஞ்சு வைத்து, நனைத்த கட்டுத்துணியை ஒரு மடிப்பு விழாமல் சுற்றுவது இவர் பொறுப்பு. எப்படி உடைந்தது என்று நோயாளி ஒரு கதை சொல்வார், எலும்பு ஒரு கதை சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவர் எலும்பைத்தான் நம்புவார். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். ஊர் வம்பு நமக்கெதற்கு என்பது அவர் கொள்கை.

கோபம் எங்கிருந்து வந்தது என்றால், ஆட்டத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் வீட்டு மாடி அறையில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். சீட்டு இல்லை, கேரம் இல்லை. மூன்று பேர் ஆளுக்கொரு பாத்திரமாக மாறுவார்கள்: ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தன் வில்லாளி, ஒருத்தி மந்திரம் தெரிந்தவள். நாலாவது ஆள் கதை சொல்லி. இதோ காடு, இதோ பாலம், எதிரே கொள்ளைக்காரர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் கேட்பார். அவரவர் செய்ய நினைப்பதைச் சொல்ல, அது பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். கதை சொல்லியின் நாற்காலி மாவுக்கட்டுக்காரருடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை, உட்காரவும் விடமாட்டார்.

வாள்வீரன், அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஏசி மெக்கானிக். அண்ணனைவிடப் பத்து வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்து ஆளாக்கியது இவர்தான். வில்லாளி, தம்பியின் சிநேகிதன். ஒட்டடைக்குச்சி என்று பள்ளிக்கூடத்தில் வைத்த பேர், வளர வளரக் குச்சியாகச் சுருங்கிவிட்டது. ஆள் மட்டும் சுருங்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். மந்திரக்காரி அந்தக் குச்சியின் தங்கை. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள், எல்லோருக்கும் அவள் டீச்சர். அவளுக்கும் தம்பிக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பேச்சு முடிந்த நாளிலிருந்து மாவுக்கட்டுக்காரரை அண்ணா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு மாமா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள்.

கடையில் வாங்கிய விதிப் புத்தகத்தின்படி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. அடி விழ விழப் புள்ளி குறையும். நாற்பதிலிருந்து ஒன்றுக்கு வரும்வரை ஆள் கொஞ்சமும் அசராமல் வாள் வீசுவான், சுவர் ஏறிக் குதிப்பான், பாட்டுக்கூடப் பாடுவான். அந்தக் கடைசிப் புள்ளியும் போனதும் பொத்தென்று விழுவான். இவன் என்ன மனுஷனா பல்பா என்று கேட்டார் மாவுக்கட்டுக்காரர். விரல் நுனி கதவில் நசுங்கிய ஒரு பயில்வான் அன்று காலையில்தான் அவர் அறையில் மயங்கிச் சரிந்திருந்தான்.

நோட்டு வாங்கிய பிறகு மூன்று மாதம் அவர் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. ஈரப் புல்லில் கால் வழுக்க ஒரு விதி. கேடயம் பிடித்த கை கடுக்க ஒரு விதி. தலைக்கவசம் போட்டவனுக்குக் காது கேட்காமல் போக ஒரு விதி. எதிரியின் விலாவில் சிக்கிய வாளைத் திரும்ப உருவத் தனியாக ஒரு பகடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பு உயரம்கூட இல்லாத ஒற்றைக் குட்டிப் பூதத்தை மூன்று பேர் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தார்கள். மூன்று மணிக்குத் தொடங்கியது, முடியும்போது ஆறேகால். கதைக்குள்ளே ஓடியிருந்த நேரம் ஒன்பது வினாடி. விட்டிருந்தால் பூதம் வயசாகியே செத்திருக்கும் என்றான் குச்சி.

பிறகுதான் டீச்சர் சிவப்புப் பேனாவோடு களத்தில் இறங்கினாள். வாள் உடைவதற்கு அவர் வைத்திருந்த வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்து, இந்தக் கணக்குப்படி நூறு பேர் உள்ள படையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முப்பது வாள் உடைந்து கிடக்கும், மிச்ச நேரம் கொல்லன் பட்டறையில்தான் போர் நடக்கும் என்று காட்டினாள். அவர் எழுதிவைத்திருந்த ஒன்பது அட்டவணை நாலானது. மாவுக்கட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போனாலும், சண்டை இருபது நிமிஷத்தில் முடிந்தபோது வாயெல்லாம் பல். களைப்பு தப்பியது, வழுக்கல் தப்பியது, பயம் தப்பியது. தன்னைவிட அதிகம் பேர் எதிரே வந்தால் பகடை உருட்ட வேண்டும், தோற்றால் ஓட வேண்டும். அந்தப் பய விதி வந்த பிறகுதான் ஆட்டத்துக்கே உப்பும் காரமும் ஏறியது என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

டீச்சருக்கு ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. காயம் என்றால் வெறும் எண்ணாகவே இருக்கிறது, எப்படி அடி பட்டது என்று காயத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா என்று கேட்டாள். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டாள். மூன்று வாரம் மாவு அறையில் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டே காய அட்டவணை எழுதினார். எதையும் யோசித்து எழுத வேண்டியிருக்கவில்லை, கை தானாக ஓடியது. எழுதி முடித்து, கீழே கோடு போட்டு, பெருமை தாங்காமல் ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார். இந்தப் புத்தகத்தில் ஒரு வரி பொய் கிடையாது என்று மூன்று பேரிடமும் மார்தட்டியும் வைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் என்ன கெடுத்துக்கொண்டார் என்று புரிய, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கிற சந்தில், தம்பியும் குச்சியும் நடந்து போகும்போது மூன்று பேர் மறித்தார்கள். குச்சியின் செல்போன் வேண்டுமாம். ஒருத்தன் கையில் இரும்புக் கம்பி. குச்சிக்கு முதல் அடியில் கை போனது, அடுத்த அடி மண்டையில் விழுந்து நினைவு தப்பியது. கண் விழித்தபோது ஆட்டோவில் தம்பி மடியில் கிடந்தான். மூன்று பேரையும் தான் மறித்து நின்றதாகவும், மூன்றாவது தடவை இறங்கிய கம்பியைக் கையால் தடுத்ததில்தான் தன் மணிக்கட்டு உடைந்ததாகவும், அதற்குப் பிறகு அவர்கள் ஓடிவிட்டதாகவும் தம்பி சொன்னான்.

அன்று மாவு அறையில் முறை மாவுக்கட்டுக்காரருக்கு. வெளிச்சப் பெட்டியில் இரண்டு எக்ஸ்ரேயும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. குச்சியுடையது முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நட்ட நடுவில் முறிந்திருந்தது. தலைக்கு வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினவனுக்கு உடைகிற இடம். தம்பியுடையது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக மடங்கியிருந்தது. ஓடுகிறவன் குப்புற விழும்போது உள்ளங்கையை ஊன்றினால் உடைகிற இடம். இரண்டு உள்ளங்கையிலும் தார்ச்சாலைக் கல் குத்தியிருந்தது, பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. அண்ணன் கட்டினார், தம்பி விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாவு இறுகும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகும் பேசவில்லை. எப்படிப் பேசுவது? குச்சியின் அம்மா மறுநாளே வந்து தம்பியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். உன்னாலதான் என் பிள்ளை உசிரோட இருக்கான் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். பெண் கொடுப்பதாகப் பேச்செடுத்ததும் அந்த அம்மாதான். ஆபத்தில் விட்டுவிட்டுப் போகாத ஆள் என்று டீச்சரும் அதைச் சொல்லித்தான் சரி என்றாள். மொத்தக் கல்யாணமும் அந்த ஒரு சாயங்காலத்தின் மேல் நின்றது. அது பொய் என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த மனுஷன் அந்த அட்டவணையை எப்படி எழுதினார் என்று கேட்டால், அதுதான் வேடிக்கை. அவருக்கு அது தம்பியின் கை என்று தோன்றவே இல்லை. வாரத்துக்கு நாலு மணிக்கட்டு கட்டுகிறவருக்கு மணிக்கட்டு மணிக்கட்டுதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது போலப் போட்டுக்கொண்டார்.

காய அட்டவணை முதல்முதலாக மேசைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையை மேலே வைத்திருந்தார்கள். கதையில் மழை. மரப்பாலத்தில் வாள்வீரனும் வில்லாளியும் முன்னால் போக, எதிரே மூன்று கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். தம்பி பய விதிப்படி இருபது பக்கப் பகடையை உருட்டினான். மூன்றுதான் விழுந்தது, தோல்வி. வாள்வீரன் திரும்பி ஓடினான். பாலத்தில் ஈரம் என்று கதை சொல்லி ஞாபகப்படுத்த, வழுக்குவதற்கு இன்னொரு பகடை. அதிலும் தோல்வி. குச்சி விழுந்து விழுந்து சிரித்தான்.

மாவுக்கட்டுக்காரருக்குக் கைகொள்ளாத சந்தோஷம். மூன்று வாரம் உழைத்து எழுதியதை வாசிக்க முதல் வாய்ப்பு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேடையில் நிற்கிறவர் மாதிரி வாசித்தார்: "ஓடி விழுந்தவன். உள்ளங்கை ஊன்றியதால் மணிக்கட்டுக்கு மேலே முறியும். கவிழ்த்து வைத்த முள்கரண்டி போலக் கை வளைந்து நிற்கும். உள்ளங்கையிலும் முழங்காலிலும்..." அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. சிராய்ப்பு என்ற அடுத்த வார்த்தையை விரலால் மறைத்துக்கொண்டார்.

தம்பியின் கை மேசைமேல் பகடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆறு வாரம் வைத்திருக்கச் சொன்ன கட்டை நாலாவது வாரமே வெட்டிப் போட்டுவிட்டு ஏசி தூக்கப் போனதில், அவன் மணிக்கட்டு லேசாக வளைந்தே நின்றுவிட்டது. குச்சி அதைப் பார்த்தான், கள்ளங்கபடம் இல்லாமல் கேட்டான்: "அண்ணே, இவன் கையைப் பார்த்தே எழுதினீங்களா? அச்சு அசல் அப்படியே இருக்கு."

தம்பி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எடுக்காமல் இருந்திருந்தால்கூட ஒருவேளை பேச்சு வேறெங்காவது போயிருக்கும். டீச்சர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் பிரதியைக் கையில் எடுத்தாள். மேல் வரியைப் படித்தாள்: நின்று தடுத்தவன், சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு. தன் அண்ணன் குச்சியின் கையில் கம்பி பட்டுத் தையல் போட்ட தழும்பு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாதா? கீழ் வரியைப் படித்தாள். பிறகு அடிக்குறிப்புக்கு வந்தாள். நின்று தடுத்தவனுக்கு இந்த மணிக்கட்டு முறிவு வராது, தடுத்ததில்தான் வந்தது என்று ஆட்டக்காரர் சாதித்தால் கதை சொல்லி நம்ப வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது.

பரீட்சைத் தாள் திருத்துகிறவள் அவள். பையன் விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பிறகு இட்டுக்கட்டினால் மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, இந்த அடிக்குறிப்பு நிஜமா?"

மாவுக்கட்டுக்காரர் தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும். நிஜம் என்று சொன்னால் கல்யாணம் இந்த மேசையிலேயே நின்றுபோகும். பொய் என்று சொன்னால் மூன்று மாதம் எழுதியதில் உருப்படியான ஒரே வரியைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும். எலும்பு விஷயத்தில் அவர் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை, பேசாமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். பேசாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் பெரிய சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. வெட்கமாக இருந்தது.

"விளையாட்டுக்கு எழுதினதும்மா. அப்படியெல்லாம் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

ஒரு வரி பொய் கிடையாது என்று போன வாரம் சொன்னது யார் என்று அவள் கேட்டாள். உற்சாகத்தில் சொல்லிவிட்டேன் என்றார். சொன்னதோடு விடாமல் பேனாவை எடுத்து அடிக்குறிப்பின் மேல் கோடு போட ஆரம்பித்தார்.

தம்பி கையை நீட்டி நோட்டைப் பிடித்துக்கொண்டான். வளைந்த கையால்தான் பிடித்தான்.

"அடிக்காதீங்கண்ணே. சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

பிறகு குச்சியைப் பார்த்துச் சொன்னான். டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. "நான் தடுக்கலடா. கம்பியப் பார்த்ததும் ஓடிட்டேன். சந்து முனையில விழுந்தேன். குப்பைத் தொட்டிக்குப் பின்னால கெடந்தேன். உன்னை அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. சத்தம் நின்னு, அவனுங்க போனப்புறம்தான் வந்தேன்."

இரண்டு வருஷமாக வாயில் அடக்கிவைத்திருந்தது மொத்தமும் நாலு வரியில் முடிந்துவிட்டது. குச்சி தன் முன்கையைத் தடவிக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் அங்கே வலிக்கும் என்று மாவுக்கட்டுக்காரருக்குத் தெரியும், ஆனால் அன்று மழை கதையில்தான் பெய்தது. குச்சி தம்பியை அடிப்பான் என்று நினைத்தார். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தார்.

"நானும் ஓடத்தான்டா பார்த்தேன்" என்றான் குச்சி. "காலு வரல. என்ன பண்றதுன்னு தெரியாம கையத் தூக்கினேன்."

மாவுக்கட்டுக்காரர் காய அட்டவணையின் மேல் வரியைப் பார்த்தார். நின்று தடுத்தவன் என்று எவ்வளவு கம்பீரமாக எழுதியிருந்தார். பதினோரு வருஷத்தில் அந்த எலும்பு உடைந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லோரையும் மனசுக்குள் வீரன் என்று எண்ணி, கட்டை ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றி அனுப்பியிருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் கால் வராமல் நின்றவர்களோ. அது எந்த எக்ஸ்ரேயிலும் விழாது. அவருடைய பய விதியில் ஓடுவதற்கு இடம் இருந்தது, உறைந்துபோவதற்கு இடமே இல்லை.

டீச்சர் இளகவில்லை. அவள் முகத்தில் இருந்த கோபம் இன்னும் இறங்குகிற வழியில்கூட இல்லை. முதலில் அது மாவுக்கட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

"ரெண்டு எக்ஸ்ரேயும் பார்த்திருப்பீங்க. அன்னிக்கே தெரியும், இல்லையா?"

"தெரியும்மா."

"இவர் கம்பியப் பார்த்துப் பயந்தார். நீங்க எதப் பார்த்துப் பயந்தீங்க?"

இதற்கு நாலைந்து கெட்டிக்காரப் பதில்கள் உண்டு. நோயாளியின் ரகசியம் என்று சொல்லலாம், கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். மாவுக்கட்டுக்காரர் அந்தப் பக்கமே போகவில்லை. "இவனை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா" என்றார். சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

அவள் தம்பியிடம் திரும்பினாள். ஓடியது தப்பே இல்லை என்றாள், தானாக இருந்தாலும் ஓடித்தான் இருப்பாள் என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஆனா எங்க அம்மா ரெண்டு வருஷமா உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறாங்க. அதை வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கிட்டீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

கல்யாணம் என்று மாவுக்கட்டுக்காரர்தான் மென்று விழுங்கி ஆரம்பித்தார். அது அப்புறம் என்று டீச்சர் வெட்டினாள். முதலில் தன் அம்மாவிடம் தம்பியே போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கு இல்லை, இப்போதே. வீடு இரண்டு தெரு தள்ளித்தான், அம்மா முழித்துக்கொண்டுதான் இருப்பார். சொல்லிவிட்டு வந்தால் அதற்குமேல் பேசலாம், சொல்லாவிட்டால் பேச ஒன்றும் இல்லை என்றாள்.

தம்பி எழுந்தான். மாவுக்கட்டுக்காரரும் கூடவே எழுந்து செருப்பைத் தேடினார். பழக்கம். அவனுடைய ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனதிலிருந்து ஏசி கம்பெனியில் வேலை கேட்டுப் போனதுவரை எங்கேயும் அவனைத் தனியாக அனுப்பியதில்லை. நீங்கள் உட்காருங்கள் என்று டீச்சர் சொன்னாள். அந்தக் குரலுக்கு ஒன்பதாம் வகுப்பே உட்காரும், அவரும் உட்கார்ந்தார்.

மாடிக்கு வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு, மொத்தம் இருபத்திரண்டு படி. யார் ஏறினாலும் இறங்கினாலும் அறைக்குள்ளே கேட்கும். தம்பி இறங்குவதை மூன்று பேரும் கேட்டார்கள். மாவுக்கட்டுக்காரர் எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டு வரவில்லை.

கீழே இறங்கி இடது பக்கம் திரும்பினால் அவள் வீடு. வலது பக்கம் பேருந்து நிறுத்தம். மேலே ஏறி வந்தால் இந்த அறை. பன்னிரண்டாவது படிக்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எழுந்து போய் எட்டிப் பார்க்கத் துடித்த காலை மேசைக்கடியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டார். டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். அவ்வளவு கறாராகப் பேசியவளுக்குக் கண் நிறைந்து நின்றது. போ, போயேன் என்று அவள் உதடு அசைந்ததை அவர் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. படிக்கட்டு சத்தமே போடவில்லை.

குச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"நின்னுட்டான்" என்றான். "எனக்குத் தெரியும் அது. காலு வராது."

தங்கையிடம் அனுமதி கேட்கவில்லை, அவளும் தடுக்கவில்லை. அந்த நீளக் காலோடு இரண்டிரண்டு படியாகக் கடகடவென்று இறங்கினான். பாதியில் நின்றான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, பேசினார்களா என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பன்னிரண்டாவது படி அதிர்ந்தது. அப்புறம் பதின்மூன்று. இரண்டு ஆள் பாரம் தாங்காமல் படிக்கட்டு முழுசும் கிடுகிடுத்தது. வெளிக் கதவு திறந்தது, செருப்புச் சத்தம் இடது பக்கமாகப் போனது.

டீச்சர் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெறும் காகிதம் ஒன்றை உருவி மாவுக்கட்டுக்காரர் முன்னால் வைத்தாள். பயந்து நிற்கிறவன் பக்கத்தில் இன்னொருத்தன் போய் நின்றால், பகடையில் எத்தனை கூட்டிக்கொள்ளலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் எழுதவில்லை. ஈரப் புல்லுக்கு ஒன்று, கேடயக் கை கடுத்தால் மூன்று என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் எண் போட்டவர், பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனை போட்டாலும் குறைவாகத் தோன்றியது. எனக்குத் தெரியவில்லை, நீயே சொல்லம்மா என்றார்.

தெருவில் செருப்புச் சத்தம் தேயும்வரை அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு போடுங்க" என்றாள். "அதுக்கு மேல போட்டா யாரும் நம்பமாட்டாங்க."